விண்ணப்பிக்காமல் போனவர்கள்: வேலைக்கு ஆளெடுப்பில் கண்ணுக்குத் தெரியாத முதல் தேர்வு

வேலைக்கு ஆளெடுப்பது பற்றிய பேச்சு பெரும்பாலும் நடுவிலிருந்தே தொடங்குகிறது. வந்து குவிந்த விண்ணப்பங்களை எப்படிக் கழிப்பது, எழுத்துத் தேர்வில் எதைக் கேட்பது, நேர்காணல் குழுவில் யாரை உட்காரவைப்பது என்பவையே நிறுவனங்களின் மனிதவளத் துறைகளுக்கு அன்றாடக் கவலைகளாக இருக்கின்றன. ஆனால் கடந்த அரை நூற்றாண்டில் தொழிலாளர் பொருளாதாரமும் நிறுவன உளவியலும் திரட்டியுள்ள சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால், எந்த வேலைக்கும் முதல் தேர்வை நடத்துபவர் வேலை தேடுபவரே என்பதும், நிறுவனம் நடத்துவது அதற்கடுத்த இரண்டாவது தேர்வு மட்டுமே என்பதும் விளங்கும். அறிவிப்பைப் படித்துவிட்டோ, அங்கே வேலை பார்க்கும் ஒருவர் சொல்லக் கேட்டோ, இது தமக்கு ஒத்துவராது என்று ஒதுங்கிக்கொள்பவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. அவர் எத்தகையவர், ஏன் ஒதுங்கினார் என்பதை அறியாமலேயே, வந்தவர்களுள் சிறந்தவரைத் தேர்ந்தெடுத்துவிட்டதாக நிறுவனம் நிறைவடைகிறது.

விண்ணப்பங்களின் எண்ணிக்கை இந்த விஷயத்தில் எதையும் உணர்த்துவதில்லை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2022-ஆம் ஆண்டு 7,301 இடங்களுக்கு அறிவித்த நான்காம் தொகுதித் தேர்வுக்கு ஏறத்தாழ 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். ஓர் இடத்துக்கு 300 பேர் என்ற அந்தக் கணக்கு, அரசு வேலையின் பணிப் பாதுகாப்புக்கு மக்கள் தரும் மதிப்பைக் காட்டுகிறதே ஒழிய, அந்த 22 லட்சம் பேருள் குறிப்பிட்ட பணிக்குப் பொருத்தமானவர்கள் எத்தனை பேர் என்பதைக் காட்டுவதில்லை. ஒரு தனியார் நிறுவனம் தன் விளம்பரச் செலவை இரட்டிப்பாக்கி விண்ணப்பங்களையும் இரட்டிப்பாக்கிக்கொள்ளலாம். ஆனால் புதிதாக வந்தவர்கள் பழையவர்களைவிடப் பொருத்தம் குறைந்தவர்களாக இருந்தால், தேர்வுச் செலவு ஏறியதுதான் மிச்சம்.

இதன் கோட்பாட்டு வேர் 1970-களில் இருக்கிறது. விற்பவருக்குத் தெரிந்த ஒரு பொருளின் தரம் வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை எப்படிக் கெடுகிறது என்பதை, பழைய கார்களின் விற்பனையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் விளக்கினார். வேலைச் சந்தையில் கல்விப் பட்டம் என்பது திறமையை மற்றவருக்கு உணர்த்தும் சமிக்ஞையாகவும் செயல்படுகிறது என்பதை மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் எழுதினார். இவ்விருவரும் ஜோசப் ஸ்டிக்லிட்ஸும் 2001-ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆளெடுப்புக்கு இதை நேரடியாகப் பொருத்திக் காட்டிய கட்டுரை, ஆண்ட்ரூ வைஸ் 1980-இல் வெளியிட்டது. அதன் தர்க்கம் எளிமையானது: ஒவ்வொருவருக்கும் இதற்குக் கீழே போனால் வேலையை ஏற்கமாட்டேன் என்ற ஓர் அடிமட்ட ஊதியம் மனத்தில் இருக்கும், திறமை மிக்கவருக்கு வேறு வாய்ப்புகளும் மிகுதி என்பதால் அவருடைய அடிமட்டமும் பொதுவாக உயரமானது, ஆகவே நிறுவனம் ஊதியத்தைச் சற்றே குறைக்கும்போது வரிசையிலிருந்து முதலில் விலகுபவர் அவராகவே இருப்பார். இப்படித் தரம் மிக்கவர் முதலில் விலக, மற்றவர் எஞ்சி நிற்கும் போக்கைப் பொருளியலாளர்கள் எதிர்மறைத் தெரிவு என்பர். ஊதியத்தைக் குறைத்து மிச்சம் பிடிக்கும் நிறுவனத்துக்கு வரிசையின் நீளம் குறைவது தெரியும். வரிசையின் தன்மை மாறியது தெரியாது.

உயர்ந்த ஊதியம் நல்லவர்களை ஈர்க்கும் என்பதற்குச் சான்றாக மேலாண்மை நூல்கள் பலவும் எடுத்துக்காட்டும் நிகழ்வு ஃபோர்டு நிறுவனத்தின் ஐந்து டாலர் நாள்கூலி. மேலோட்டமாகச் சொல்லப்படும் கதைக்கும் ஆவணங்கள் காட்டும் நிலைமைக்கும் கணிசமான இடைவெளி இருப்பதால் இதைச் சற்று விரிவாகவே பார்க்கவேண்டியிருக்கிறது. டெட்ராய்ட் நகரை அடுத்த ஹைலேண்ட் பார்க் ஆலையில் 1913-இல் நகரும் பொருத்துத்தொடர் அமைக்கப்பட்டது. அதாவது தொழிலாளி வண்டியைத் தேடிப் போகாமல், வண்டியின் அடிச்சட்டம் அவரைத் தேடி நகர்ந்து வந்தது. பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் பிடித்த அடிச்சட்டம் பொருத்தும் வேலை, சில மாதங்களில் ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கியது. வேலை அந்த அளவுக்கு உயிரற்றதாகவும் மாறியது. அந்த ஆண்டு ஆலையின் பணியாளர் சுழற்சி, அதாவது பணியிடங்களின் மொத்த எண்ணிக்கையோடு ஒப்பிடுகையில் ஆண்டுக்குள் விலகியவர்களின் விகிதம், 370 விழுக்காட்டை எட்டியது. சுமார் 14,000 பேரைக் கொண்ட பணிப்படையைக் குறையாமல் வைத்திருக்க ஓராண்டில் 50,000-க்கும் மேற்பட்டோரை வேலைக்கு எடுக்கவேண்டியிருந்தது.

1914 ஜனவரி 5 அன்று ஹென்றி ஃபோர்டும் நிறுவனத்தின் நிதிப் பொறுப்பை வகித்த ஜேம்ஸ் கூசன்ஸும் புதிய திட்டத்தை அறிவித்தார்கள். நாளொன்றுக்கு 2.34 டாலராக இருந்த கூலி 5 டாலர் ஆகும். ஒன்பது மணி நேர வேலைநாள் எட்டு மணி நேரமாகக் குறையும். அடுத்த சில நாட்களில் உறைபனியில் ஆயிரக்கணக்கானோர் ஆலை வாசலில் கூடினார்கள்; ஜனவரி 12 அன்று அந்தக் கூட்டத்தைக் கலைக்கத் தீயணைப்புக் குழாய்களால் தண்ணீர் பீய்ச்சப்பட்டது. நிறுவனம் வெளியூரார் வந்து குவிவதைத் தடுக்க, டெட்ராய்ட்டில் குறைந்தது ஆறு மாதம் குடியிருந்தவர்களையே இனி எடுப்பதாகச் சொல்லவேண்டிய நிலைக்கு வந்தது. கூடுதல் தொகை கூலியாக வழங்கப்படாமல் இலாபப் பங்காக வழங்கப்பட்டது என்பதும், அதைப் பெறுவதற்குக் குடும்பத்தைப் பேணுபவராகவும் சிக்கனமுள்ளவராகவும் தொழிலாளி இருக்கவேண்டும் என்பதும், அதைச் சரிபார்க்க நிறுவனத்தின் சமூகவியல் பிரிவு என்ற துறையினர் வீடுவீடாகச் சென்று விசாரித்தார்கள் என்பதும், குடும்பச் சுமை ஏற்றிருந்தாலன்றிப் பெண்களுக்கு அந்தப் பங்கு கிடைக்கவில்லை என்பதும் பரவலாகச் சொல்லப்படும் கதையில் விட்டுப்போகும் செய்திகள்.

இந்நிகழ்வை டேனியல் ராஃப், லாரன்ஸ் சம்மர்ஸ் ஆகிய இருவரும் 1987-இல் வெளியிட்ட ஆய்வில் அளந்து பார்த்தார்கள். சுழற்சி விகிதம் 1914-இல் 54 விழுக்காடாகவும் 1915-இல் 16 விழுக்காடாகவும் சரிந்தது. அன்றாடம் வேலைக்கு வராதோர் விகிதமும் சரிந்தது. உற்பத்தியும் இலாபமும் உயர்ந்தன. சந்தை விலைக்கு மேல் கூலி தருவது தருபவருக்கே இலாபமாக முடியலாம் என்ற செயல்திறன் ஊதியக் கோட்பாட்டுக்கு இது வலுவான சான்று என்பது அவர்கள் முடிவு. ஆனால் திறமைசாலிகள் வந்து சேர்ந்ததால்தான் இந்த மாற்றம் நேர்ந்தது என்று அதிலிருந்து கொள்ள இடமில்லை. தம் ஆலையின் வேலைகளில் 43 விழுக்காட்டைக் கற்றுக்கொள்ள ஒரு நாளுக்கு மேல் தேவைப்படாது என்று ஃபோர்டே 1922-இல் வெளியான தம் தன்வரலாற்றில் கணக்குக் கொடுத்திருக்கிறார். ஒரே நாளில் பழகிவிடக்கூடிய வேலைக்கு அரிய கைத்திறன் எதற்கு? பொருத்துத்தொடரில் ஒருவர் வராவிட்டால் தொடரே தடுமாறும் என்பதால், அங்கே தரம் என்பதன் பொருள் நாள்தோறும் நேரத்துக்கு வந்து நிற்பதும் விட்டுப்போகாமல் இருப்பதுமே. ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களுக்கு அந்த இயல்பைக் கூலி உண்டாக்கியது. வெளியே நின்றவர்களில் குடும்பத்தோடு ஊரில் நிலைத்தவர்களை அந்த ஆறு மாத நிபந்தனை பிரித்தெடுத்தது. தரமான விண்ணப்பதாரர் யார் என்பதை வேலையின் அமைப்பு தீர்மானித்த பிறகே எவ்வளவு கொடுக்கலாம் என்ற கேள்விக்குப் பொருள் உண்டு என்பதற்கு, ஈர்ப்பின் வெற்றிக்கதையாகச் சொல்லப்படும் இந்த நிகழ்வு அதைவிட நல்ல சான்றாக அமைகிறது.

ஊதியத்தின் அளவைப் போலவே அதன் வடிவமும் ஆட்களைப் பிரிக்கிறது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்த சேஃப்லைட் என்னும் கார் கண்ணாடி மாற்றும் நிறுவனம் 1990-களின் நடுப்பகுதியில் மணிக்கணக்குக் கூலியிலிருந்து, பொருத்திய கண்ணாடியின் எண்ணிக்கைக்கேற்ற கூலிக்கு மாறியது. முன்பு கிடைத்த அளவு கூலிக்குக் குறையாது என்ற உறுதியும் அதனுடன் சேர்ந்திருந்தது. உற்பத்தித்திறன் 44 விழுக்காடு உயர்ந்ததாக எட்வர்ட் லேசியர் 2000-இல் எழுதினார். அதில் ஏறத்தாழப் பாதி மட்டுமே இருந்தவர்கள் கூடுதலாக உழைத்ததால் வந்தது. எஞ்சியதில் பெரும்பங்கு, வேகமாக வேலை செய்பவர்கள் விலகாமல் தங்கியதாலும் அத்தகையோரே புதிதாக வந்து சேர்ந்ததாலும் விளைந்தது. கூலித் திட்டத்தை மாற்றும் ஒரு முதலாளி தன் பணியாளர்களின் நடத்தையை மட்டும் மாற்றுவதாக எண்ணிக்கொள்கிறார். அடுத்த ஆண்டு அவரிடம் யார் விண்ணப்பிப்பார்கள் என்பதையும் அவர் அப்போதே மாற்றிவிட்டிருப்பார்.

பணம் அதிகம் என்றால் பணத்தாசை பிடித்தவர்களே வருவார்கள், பணியில் பற்றுள்ளவர்கள் வரமாட்டார்கள் என்ற ஐயம் பழமையானது. பள்ளி, மருத்துவமனை, தொண்டு நிறுவனம் ஆகியவற்றின் நிர்வாகிகள் குறைந்த சம்பளத்தை நியாயப்படுத்த இதைக் கையாள்வதும் வழக்கம். இந்த ஐயத்தை நேரடியாகச் சோதித்த மூன்று கள ஆய்வுகள் உள்ளன. மெக்சிகோவின் ஏழை நகராட்சிப் பகுதிகளில் மேம்பாட்டுப் பணியாளர்களை எடுக்க 2011-இல் மேற்கொண்ட திட்டத்தில், 106 ஆளெடுப்பு மையங்களில் சிலவற்றில் மாதம் 5,000 பெசோவும் மற்றவற்றில் 3,750 பெசோவும் ஊதியமாகக் குலுக்கல் முறையில் நிர்ணயிக்கப்பட்டன. எர்னஸ்டோ தல் போ, ஃபிரெடெரிகோ ஃபினன், மார்ட்டின் ரோஸ்ஸி ஆகியோர் வெளியிட்ட முடிவுகளின்படி, அதிக ஊதியம் வைத்த மையங்களுக்கு அறிவுத்திறன் சோதனையில் கூடுதல் மதிப்பெண் எடுத்தவர்களும் முந்தைய வேலையில் அதிகம் சம்பாதித்தவர்களும் வந்தார்கள்; பொதுப்பணியில் அவர்களுக்கு இருந்த ஈடுபாடு எவ்வகையிலும் குறைந்திருக்கவில்லை.

உகாண்டாவில் கிடைத்த முடிவு இதற்கு மாறானது. அங்கே பிராக் தொண்டு நிறுவனம் கிராமங்களில் சுகாதார ஊக்குநர்களை நியமித்தபோது, எதிர்பார்க்கத்தக்க வருமானம் வெவ்வேறு கிராமங்களில் வெவ்வேறு அளவாகச் சொல்லப்பட்டது. எரிகா தெஸெர்ரான்னோவின் ஆய்வில், வருமானம் அதிகமென்று கேட்ட இடங்களில் விண்ணப்பங்கள் பெருகினாலும், சமூக அக்கறை மிக்கவர்கள் பின்வாங்கினார்கள், சேர்ந்தவர்கள் நிலைக்கவும் இல்லை. அந்தப் பணி கிராமத்துக்குப் புதியது. அது என்ன மாதிரியான வேலை என்பதை மக்கள் அறியாத நிலையில், வருமானத் தொகையே வேலையின் இயல்பைச் சொல்லும் சமிக்ஞையாக ஆயிற்று: இவ்வளவு கிடைக்குமென்றால் இது வியாபாரம்தான் என்று கேட்டவர்கள் புரிந்துகொண்டார்கள். மெக்சிகோவில் அரசுத் திட்டத்தின் பணி என்பது முன்பே அறிந்த வகையைச் சேர்ந்தது. ஆகவே இரண்டு ஆய்வுகளுக்கும் இடையே முரண் இருப்பதாகக் கொள்வதைவிட, வேலையைப் பற்றி வேறு செய்தி இல்லாதபோது ஊதியமே செய்தியாகிவிடுகிறது என்று கொள்வது பொருந்தும். புதிதாகத் தொடங்கிய, பெயர் அறியப்படாத நிறுவனங்கள் கவனிக்கவேண்டியது உகாண்டாவையே.

மூன்றாவது ஆய்வு இவற்றுள் மிக நுட்பமானது. ஜாம்பியா அரசு 2010-இல் சமூக சுகாதார உதவியாளர் என்ற புதிய பணியை ஏற்படுத்தியபோது, நவா அஷ்ரஃப், ஓரியானா பாந்தியேரா உள்ளிட்ட ஆய்வாளர்கள் 48 மாவட்டங்களில் இரண்டு வகைச் சுவரொட்டிகளை ஒட்டச் செய்தார்கள். பாதி மாவட்டங்களில் ஊருக்கு உதவலாம் என்பது முதன்மைப்படுத்தப்பட்டது. மற்றப் பாதியில் இந்தப் பணியில் தொடங்கிச் செவிலியராகவும் அதற்கு மேலும் உயரலாம் என்பது முன்வைக்கப்பட்டது. வேலை ஒன்று, ஊதியம் ஒன்று, சேர்ந்த பிறகு இரு தரப்பினருக்கும் கிடைத்த வாய்ப்புகளும் ஒன்று. முன்னேற்றத்தைச் சொன்ன சுவரொட்டியைப் பார்த்து வந்தவர்களிடம், சராசரியாக நோக்கினால், ஊர்ப்பற்று சற்றுக் குறைவாகவே இருந்தது. ஆனால் அந்தக் கூட்டத்திலிருந்து தேர்வுக் குழுக்கள் எடுத்தவர்கள் படிப்பிலும் சிறந்தவர்களாக, ஈடுபாட்டிலும் குறையாதவர்களாக இருந்தார்கள். பணியில் அமர்ந்த பிறகு இவர்கள் 29 விழுக்காடு அதிக வீடுகளுக்குச் சென்றார்கள். இவர்கள் பணியாற்றிய பகுதிகளில் மருத்துவ நிலையத்தில் பிள்ளை பெறுவோர் பெருகினார்கள், எடை குறைந்த குழந்தைகளின் விகிதம் சரிந்தது. இந்த ஆய்வு இரண்டு செய்திகளைச் சேர்த்துச் சொல்கிறது. ஒரு சுவரொட்டியின் சில வரிகள், வேலையையே மாற்றாமல், வேலைக்கு வருபவர்களை மாற்றிவிடுகின்றன. வந்தவர்களின் சராசரியைப் பார்த்து அஞ்சவேண்டியதில்லை. எடுக்கப்படுவது சராசரியானவர் இல்லை என்பதால், தரப் பரவலின் மேல்முனையில் யார் இருக்கிறார்கள் என்பதே கேள்வி.

அறிவிப்பின் சொற்கள் மீது தனியார் நிறுவனங்களும் கருத்துச் செலுத்தாமல் இல்லை. ஆனால் அந்தக் கவனம் விளம்பரக் கவர்ச்சியிலேயே நின்றுவிடுகிறது. அமெரிக்காவின் ஒரு பெரிய வேலைவாய்ப்பு இணையதளத்தின் தரவுகளை ஆராய்ந்த இயோனா மரினெஸ்கு, ரொனால்டு வோல்தாஃப் இருவரும், பதவியின் பெயரில் வரும் ஓரிரு சொற்களே ஊதிய வேறுபாட்டில் பெரும்பகுதியை விளக்கிவிடுகின்றன என்றும், ஒரே பதவிப் பெயர் கொண்ட அறிவிப்புகளை மட்டும் ஒப்பிடும்போதுதான் அதிக ஊதியம் அதிக விண்ணப்பங்களைக் கொண்டுவருவது தெரிகிறது என்றும் காட்டினார்கள். ஆண்மைத் தொனி ஏறிய சொற்கள், அதாவது போட்டி, ஆதிக்கம், தலைமை போன்றவை, மிகுந்த அறிவிப்புகள் பெண்களுக்கு ஈர்ப்பு குறைந்தவையாகத் தோன்றுவதை டேனியல் காஷர் குழுவினர் 2011-இல் சோதித்துக் காட்டினர். அந்த வேலையைச் செய்யும் திறமை தம்மிடம் இல்லை என்று அந்தப் பெண்கள் கருதவில்லை, அந்த இடத்தில் தாம் ஒட்டமாட்டோம் என்றே கருதினார்கள். வேலையின் கடுமையை மறைக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடும் முறையை ஜான் வானஸ் 1970-களில் தொலைபேசி இயக்குநர்களிடம் சோதித்தார்; அப்படிச் சொல்லி எடுத்தவர்களின் எதிர்பார்ப்பு நடைமுறைக்கு நெருக்கமாக இருந்தது, ஆனால் இவ்வழியால் சுழற்சி பெரிதாகக் குறைகிறது என்ற நம்பிக்கையைப் பின்னாளைய தொகுப்பாய்வுகள் மட்டுப்படுத்தியுள்ளன. (துருவப் பயணி ஷாக்கில்டன் ஆபத்தை மறைக்காமல் ஆள் கேட்டு விளம்பரம் கொடுத்தார் என்று பயிற்சி வகுப்புகளில் தவறாமல் சொல்லப்படும் செய்திக்கு மூலமான நாளிதழ்ப் பக்கத்தை இதுவரை எவரும் கண்டெடுக்கவில்லை.)

அறிவிப்பைவிடப் பழைய வழி, ஆள் சொல்லி ஆள் வருவது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூட்டன் நகரில் தொழில்முறைப் பணியாளர்களிடம் விசாரித்த மார்க் கிரானோவெட்டர், பாதிக்கும் மேற்பட்டோர் தெரிந்தவர் வழியாகவே வேலை பெற்றதையும், அந்தத் தெரிந்தவர் நெருங்கிய நண்பராக இல்லாமல் எப்போதாவது சந்திப்பவராகவே பெரும்பாலும் இருந்ததையும் 1970-களில் கண்டார். நெருங்கியவர்கள் அறிந்ததை ஒருவர் தாமும் அறிந்திருப்பார். எட்ட இருப்பவரிடம்தான் புதிய செய்தி இருக்கும். இந்தியச் சூழலில் இந்த வழி உறவும் சாதியும் ஊரும் ஓடும் கால்வாயாகவும் இருப்பதால், அது எப்போது தரத்தைக் கொண்டுவருகிறது என்பதைத் தனியே ஆராயவேண்டியிருக்கிறது. லோரி பீமன், ஜெரமி மக்ரூடர் இருவரும் கொல்கத்தாவில் நடத்திய சோதனையில், பரிந்துரைப்பவருக்கு நிலையான ஒரு தொகை கொடுத்தபோது அவர் உறவினரை அழைத்துவந்தார். அழைத்துவருபவரின் செயல்திறனைப் பொறுத்துத் தொகை மாறும் என்றபோது உறவினரை விட்டு உடன் வேலை செய்பவர்களை அழைத்துவந்தார். யார் திறமைசாலி என்பதைத் தேர்ந்த பரிந்துரையாளர்கள் அறிந்தே இருந்தார்கள். அதைச் சொல்வதற்கு அவர்களுக்குக் காரணம் கொடுக்கப்படவேண்டியிருந்தது. ஆனாலும் பரிந்துரை எவ்வளவு நேர்மையாக இயங்கினாலும், அந்த நிறுவனத்தில் அறிந்தவர் ஒருவர்கூட இல்லாத சமூகங்களிலிருந்து விண்ணப்பம் வருவதற்கு அது வழி திறப்பதில்லை. இன்று உள்ளே இருப்பவர்களின் முகச்சாயலே நாளையும் தொடரும்.

தமிழ்நாட்டின் தொழிற்பேட்டைகளைப் பொறுத்தவரை, விண்ணப்பிப்பதா வேண்டாமா என்ற முடிவு ஊதியத்தையும் சொற்களையும் விடத் தூரத்தைச் சார்ந்திருக்கிறது. மெக்சிகோ ஆய்விலேயே, வேலைக்குத் தேர்வானவர்களில் பணியிடம் வீட்டிலிருந்து தொலைவாக அமைந்தவர்கள் சேர மறுத்தது தெரிந்தது; அந்த மறுப்பைக் கூடுதல் ஊதியம் ஓரளவு ஈடுசெய்தது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளின் மின்னணு ஆலைகளுக்கு வெளிமாவட்டங்களிலிருந்து வரும் இளம்பெண்களின் விஷயத்தில், தூரத்தோடு பெற்றோரின் சம்மதமும் சேர்ந்துகொள்கிறது. விடுதி எப்படிப்பட்டது, கம்பெனி பஸ் வாசல்வரை வருமா, இரவுப் பணி முடிந்து எப்படித் திரும்புவது என்பவற்றுக்குக் கிடைக்கும் விடையே வீட்டில் முடிவைத் தீர்மானிக்கிறது. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பணியாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் நோயுற்றதும், அதைத் தொடர்ந்து சாலை மறியல் நடந்ததும், ஆலை சில வாரங்கள் மூடப்பட்டதும் நாடறிந்த செய்திகள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய்ச் செலவில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பைச் சிப்காட் திறந்தது. ஆளெடுப்புக்கான செலவு என்று எந்தக் கணக்கேட்டிலும் எழுதப்படாவிட்டாலும், தொலைவிலுள்ள கிராமத்தில் ஒரு பெண் விண்ணப்பிப்பதற்கும் விண்ணப்பிக்காததற்கும் இடையே நிற்பது இத்தகைய கட்டடங்களே. அதே 2024-இன் ஜூன் மாதத்தில், ஃபாக்ஸ்கான் ஆலையின் பொருத்துப் பணிகளிலிருந்து திருமணமான பெண்கள் விலக்கப்படுவதாக ராய்ட்டர்ஸ் வெளியிட்ட செய்தியை அடுத்து, மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. இத்தகைய செய்தி உண்மையோ வதந்தியோ, ஊருக்குள் பரவியபின் அதைக் கேட்டவர்கள் வாசலுக்கே வருவதில்லை.

படித்த இளைஞர்களைத் தேடும் நிறுவனங்களுக்கு வேறொரு போட்டியாளர் உண்டு. அது இன்னொரு நிறுவனம் என்று நினைப்பவர்கள் தமிழ்நாட்டின் அரசுத் தேர்வுப் பயிற்சி மையங்களைப் பார்க்காதவர்கள். 2001 முதல் 2006 வரை தமிழ்நாடு அரசு ஆசிரியர், மருத்துவர், காவலர் போன்ற பணிகள் நீங்கலாகப் பிற நியமனங்களைப் பெரும்பாலும் நிறுத்திவைத்தது. இடங்கள் அருகியபோது இளைஞர்கள் தனியார் வேலைக்குத் திரும்பியிருப்பார்கள் என்றே எவரும் எதிர்பார்ப்பார். ஆனால் அந்தக் காலத்தில் கல்லூரி முடித்த ஆண்கள் வேலையின்றித் தேர்வுக்குப் படிப்பதில் கூடுதல் காலத்தைச் செலவிட்டதையும், அதன் விளைவு அவர்களின் பிற்கால வருமானத்திலும் தொடர்ந்ததையும் குணால் மங்கள் தம் ஆய்வில் காட்டினார். அரசு வேலைக்கும் சராசரித் தனியார் வேலைக்கும் இடையிலான வேறுபாடு அந்த அளவுக்குப் பெரிது. படிப்பில் முன்நிற்பவர்களில் ஒரு பகுதியினர் வயது வரம்பு முடியும்வரை தனியார் வேலைக்கு விண்ணப்பிப்பதே இல்லை என்ற நிலையில், வருடத்துக்கு மூன்று மூன்றரை லட்சம் ரூபாயில் ஏறத்தாழப் பத்தாண்டுகளாக நின்றுவிட்ட மென்பொருள் துறைத் தொடக்கச் சம்பளத்தை வைத்துக்கொண்டு திறமைப் பஞ்சம் என்று புலம்புவதில் நியாயம் குறைவு. டிசிஎஸ் போன்ற பெருநிறுவனங்கள் நிஞ்சா, டிஜிட்டல், பிரைம் என்று வேறுவேறு சம்பளப் படிகளை ஒரே நுழைவுத் தேர்வோடு இணைத்தது, கடினமான வினாத்தாளை எழுத முன்வருபவர் தம்மைத் தாமே பிரித்துக்காட்டட்டும் என்ற ஏற்பாடு. வைஸ் சுட்டிய சிக்கலுக்கு அது ஒருவகை விடை, ஆனால் அடிப்படியில் நிற்பவர்களுக்கு எதுவும் மாறவில்லை.

சோஹோ நிறுவனம் 2000-களின் நடுப்பகுதியில் எடுத்த வழி சந்தையையே சுற்றிக்கொண்டு போனது. பன்னிரண்டாம் வகுப்போ பட்டயப் படிப்போ முடித்தவர்களைக் கட்டணமின்றி, உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்றுவித்துத் தானே வேலைக்கு எடுத்துக்கொள்ளும் பள்ளியை அது சென்னையில் தொடங்கிப் பின்னர் தென்காசிப் பகுதிக்கும் கொண்டுசென்றது. கல்லூரிக் கட்டணம் கட்ட வழியில்லாததால் எந்த நிறுவனத்தின் வளாக நேர்காணலுக்கும் வந்திருக்க முடியாத ஒரு பிரிவினர் இதனால் விண்ணப்பதாரர்களானார்கள். எங்கும் செல்லுபடியாகும் பயிற்சிக்கு முதலாளி செலவிடமாட்டார், பயின்றவர் வெளியேறிவிடுவார் என்பது கேரி பெக்கர் 1960-களில் வகுத்த வாதம். அதற்கு மறுமொழியாக டாரன் அசெமோக்லு, யோர்ன்-ஸ்டெஃபன் பிஷ்கே இருவரும் 1998-இல் முன்வைத்த விளக்கம் இங்கே பொருந்துகிறது: பயின்றவரின் திறமை அவரைப் பயிற்றுவித்த நிறுவனத்துக்குத் தெரிகிற அளவுக்கு வெளியாருக்குத் தெரியாதபோது, பயிற்சிச் செலவு வீணாவதில்லை. பட்டம் என்ற சமிக்ஞை இல்லாத பணியாளரை வெளிச்சந்தை முழு மதிப்பில் எடைபோடத் தயங்கும். அந்தத் தயக்கமே பயிற்றுவித்த நிறுவனத்துக்குப் பாதுகாப்பு. பணியாளரின் பக்கம் நின்று பார்த்தால் அதையே ஒரு பூட்டு என்றும் சொல்லலாம் என்பதை இத்தகைய திட்டங்களைப் புகழ்ந்து எழுதுபவர்கள் கவனிப்பதில்லை.

இவ்வளவு சான்றுகள் இருந்தும் நிறுவனங்களின் நடைமுறை மாறாததற்கு முதன்மையான காரணம் அளவுகோல்களில் இருக்கிறது. மனிதவளத் துறைகள் தம் வேலையை எடைபோடப் பயன்படுத்தும் இரண்டு எண்கள், ஒரு காலியிடம் நிரம்ப எத்தனை நாள் ஆயிற்று என்பதும் ஓர் ஆளை எடுக்க எவ்வளவு செலவாயிற்று என்பதும். இரண்டுமே வந்தவர்களை மட்டும் எண்ணுபவை. குறைந்த சம்பளத்துக்கும் உடனே சேரத் தயாராக இருப்பவர்கள் நிரம்பிய வரிசை இவ்விரண்டு எண்களையும் அழகாக்கிக் காட்டும். வராதவர்களைப் பற்றி அறிய நிறுவனத்துக்குச் சில மறைமுக வழிகளே உண்டு: பணி ஆணை பெற்றும் சேராதவர்கள் எங்கே போனார்கள் என்று விசாரிப்பது, சேர்ந்து மூன்று மாதத்துக்குள் விலகியவர்கள் முன்பு எதை நம்பி வந்தார்கள் என்று கேட்பது, எந்தெந்த மாவட்டங்களிலிருந்தும் கல்லூரிகளிலிருந்தும் ஒரு விண்ணப்பம்கூட வருவதில்லை என்று பார்ப்பது. பல ஊர்களில் கிளைகள் வைத்திருக்கும் வங்கியோ மருத்துவமனைக் குழுமமோ ஜாம்பியாவில் செய்ததைத் தானே செய்து பார்க்கவும் தடையில்லை. பாதிக் கிளைகளில் ஒருவகை அறிவிப்பையும் மற்றப் பாதியில் இன்னொரு வகையையும் குலுக்கல் முறையில் வெளியிட்டு, சேர்ந்தவர்களின் ஓராண்டுப் பணியை ஒப்பிட்டால் போதும். அச்சுச் செலவைத் தவிர அதற்குப் பெரிய செலவில்லை. ஆனால் அதன் விடை வந்துசேர ஓராண்டு ஆகும். காலியிடம் எத்தனை நாளில் நிரம்பியது என்ற அறிக்கையோ மாதந்தோறும் மேலாளர் மேசைக்குப் போகவேண்டும்.